நூற்றியோராவது தவறு



தர்பூசணி வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், அடிப்பக்கம் மஞ்சளாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் மனதில் ஒரு மதிப்பெண். கூட்டிப் பார்த்துத் தேறினால் பழம் பைக்குள் போகும். கணக்குக்காரர்கள் இதை நேரியல் சார்பு என்பார்கள். எந்த அடையாளத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை இயந்திரம் தானே பட்டறிந்து கொள்ளுமா?

கொள்ளும் என்றார் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் ரோசன்பிளாட். 1958-இல் அவர் சொன்ன முறைக்குப் பெர்செப்ட்ரான் என்று பெயர். விடை சரியாக இருந்தால் எதையும் தொடாதே. தவறினால் மட்டும் மதிப்பெண்களைச் சரியான விடையின் பக்கம் ஓர் எட்டு நகர்த்து. அவ்வளவுதான் விதி.

எத்தனை முறை தவறும்? 1962-இல் நோவிகாஃப் என்ற ஆய்வாளர் தந்த நிரூபணத்தை, தாளும் பேனாவும் இல்லாமலே சொல்லிவிடலாம். நல்ல பழத்தையும் சொத்தையையும் பிரிக்கும் மதிப்பெண் முறை ஒன்று உண்டு, நடுவே சிறிது இடைவெளியும் உண்டு என்று வையுங்கள். ஓர் எட்டு அதிகபட்சம் ஓர் அடி. இடைவெளி அதில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு தவறுக்கும் இயந்திரம் சரியான திசையில் குறைந்தது பத்தில் ஓர் அடி முன்னேறும். ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து அது விலகும் மொத்தத் தூரம், தவறுகளின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. நூறு தவறில் முன்னேற்றம் குறைந்தது 10 அடி, தூரம் அதிகபட்சம் 10 அடி. நூற்றியோராவது தவறு நடந்தால் முன்னேற்றம் தூரத்தை மிஞ்சிவிடும். அது எப்படி நடக்கும்? பத்து லட்சம் பழம் காட்டினாலும் தவறு நூற்றுக்குள்தான். எனக்கு இது இன்றும் வியப்பு.

இடைவெளியே இல்லாவிட்டால் இந்த உறுதி இல்லை. 'இரண்டில் ஒன்று இருக்க வேண்டும், இரண்டும் கூடாது' என்ற எளிய விதியைக்கூட ஒற்றைப் பெர்செப்ட்ரான் கற்காது. மின்ஸ்கி, பேப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1969-இல் ஒரு புத்தகமே போட்டு இத்தகைய எல்லைகளை அடுக்கினார்கள்.

பழக்கடையில் ஆளுக்கொரு அடையாளம் சொல்வார்கள்: காம்பு, வரி, நிறம், வாசனை. உண்மையில் இரண்டுதான் உதவும் என்றால்? 1988-இல் ஆய்வாளர் நிக் லிட்டில்ஸ்டோன், தவறும்போது மதிப்பெண்ணைக் கூட்டித் திருத்துவதற்குப் பதில் பெருக்கித் திருத்தச் சொன்னார். அந்த முறையின் பெயர் வின்னோ. நம் பாட்டிகள் முறத்தில் செய்த வேலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான். பதர் விரைவில் பறந்துவிடும். அடையாளங்கள் இரண்டு மடங்கானாலும் தவறின் வரம்பு சிறிதளவே கூடும். ஆனால் எல்லா அடையாளத்திலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தால், பல நேரம் பழைய பெர்செப்ட்ரானே மேல்.