எழுத்துக்குக் காவல் நின்ற நடிகர்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் தொலைக்காட்சி நடிகர் ஒருவரைப் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். எழுதப்பட்ட கதை தொலைக்காட்சிக்குப் போனால் சிதைந்துவிடும் என்று வருந்துகிறவர்கள் நம்முள் பலர். அவ்வருத்தத்திற்கு நியாயமும் உண்டு. எனினும், எழுத்தாளர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின், அவருடைய எழுத்துக்காகப் படப்பிடிப்புத் தளத்தில் வாதாடிய நடிகர் ஒருவர் இருந்தார். அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரமி பிரெட். நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற ஒரே பாத்திரத்தைப் பத்தாண்டுகள் சுமந்த அவரை நினைவுகூர்வது பொருத்தமே.

அவர் 1933ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் வார்விக்‌ஷயரில் பிறந்தார். குடும்பப் பெயர் ஹக்கின்ஸ். படைத்துறை அதிகாரியான தந்தைக்கு மகன் நடிகனாவதில் உடன்பாடில்லை. குலப்பெயரை மேடைக்குக் கொண்டுபோகாதே என்றார். மகன் தம் மேலுடையில் தைத்திருந்த தையற்கடைப் பெயரான 'பிரெட்' என்பதையே தம் பெயராக்கிக்கொண்டார் என்பர். கூத்தாடி என்று கலைஞனை ஒதுக்கிய வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் உணரலாம். பிறவியிலேயே அவருக்கு 'ர'கர ஒலி சரியாக வரவில்லை. இளமையில் செய்துகொண்ட அறுவை சிகிச்சைக்குப் பின்னும், உச்சரிப்புப் பயிற்சியை அவர் நாள்தோறும் விடாமல் செய்துவந்தார். பிற்காலத்தில் அவர் சொற்களில் நாம் கேட்ட கூர்மை இப்படி உழைத்துப் பெற்றதாகும்.

'போரும் அமைதியும்' (1956), 'மை ஃபேர் லேடி' (1964) ஆகிய திரைப்படங்களில் அவர் தோன்றினார். லாரன்ஸ் ஒலிவியர் தலைமையிலிருந்த தேசிய நாடக அரங்கிலும் நடித்தார். 1980இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையில் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனாகவே வந்தார். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது, ஐம்பதாம் வயதில் கிரானடா தொலைக்காட்சி அளித்த ஹோம்ஸ் பாத்திரமே.

அப்பாத்திரம் அன்று எந்நிலையில் இருந்தது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் நடித்த 14 திரைப்படங்களே மக்கள் மனத்தில் நின்றன. அவற்றில் வாட்சன் ஒரு கோமாளி. ஆர்தர் கோனன் டாயிலின் கதைகளிலோ அவர் போர்க்களம் கண்ட மருத்துவர். அறிவும் பரிவும் உடையவர். கதையைச் சொல்பவரே மூடராகிவிட்டால் கதைக்கு ஏது மதிப்பு? ஹோம்ஸ் சொல்வதாக உலகமே அறிந்த அந்தப் புகழ்பெற்ற வாசகம்கூட, அவ்வடிவில் மூலக்கதை எதிலும் இல்லை. படிக்காதவர்களின் நினைவு, படித்தவர்களின் நினைவை மூடிவிட்டிருந்தது.

இதனைத் திருத்தவே தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸ் முனைந்தார். ஹோம்ஸின் பழக்கவழக்கங்கள், உணவு, உடை ஆகியவற்றை மூலத்திலிருந்து திரட்டிய 77 பக்கக் குறிப்பேடு ஒன்று உருவாயிற்று. பிரெட் அக்குறிப்பேட்டையும் மூலக்கதைகளையும் கையில் வைத்துக்கொண்டே பணியாற்றினார். திரைக்கதை மூலத்திலிருந்து விலகும் இடங்களில் ஏன் என்று கேட்டார். டேவிட் பர்க்கும், அவருக்குப் பின் எட்வர்ட் ஹார்ட்விக்கும் வாட்சனின் மானத்தை மீட்டுத் தந்தனர். 1984 ஏப்ரலில் தொடங்கிய ஒளிபரப்பு, 1994 ஏப்ரலில் 41ஆம் பகுதியோடு நிறைவுற்றது.

மூலத்துக்கு உண்மையாயிருத்தல் என்பது அதன் அடிமையாயிருத்தல் அன்று. கதைகளில் ஹோம்ஸுக்குக் கொக்கெயின் பழக்கம் உண்டு. தம்மைக் குழந்தைகளும் பார்க்கிறார்கள் என்பதை உணர்ந்த பிரெட், 1988இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் ஹோம்ஸ் அந்த ஊசியைக் கடற்கரை மணலில் புதைத்துவிடுவதாக அமைக்க விரும்பினார். அதற்கு டாயிலின் மகளுடைய இசைவைப் பெற்ற பின்னரே அக்காட்சி இடம்பெற்றது. காரணம் கூறி, இசைவு பெற்றுச் செய்த மாற்றம் அது. மூலத்தைப் படிக்காமலே மாற்றுவதற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

இப்பணிக்கிடையே அவர் பட்ட துன்பங்கள் சிறியவையல்ல. 1985இல் மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயால் மறைந்தார். அடுத்த ஆண்டு பிரெட் மனநோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். களிப்பின் உச்சத்துக்கும் சோர்வின் ஆழத்துக்கும் மாறிமாறி இழுக்கும் நோய் அது. அதற்காக உட்கொண்ட லித்தியம் மருந்தால் உடல் பருத்தது. சிறுவயதுக் காய்ச்சலால் இதயம் முன்பே பழுதுற்றிருந்தது, புகைப்பழக்கமும் சேர்ந்தது. ஹோம்ஸ் பாத்திரமே அவரைத் தின்றுவிட்டது என்று சொல்வோர் உண்டு. கேட்பதற்குக் கவர்ச்சியான கூற்று. ஆனால் அது நோயாளிக்கு நீதி செய்யாது. நோய் நோய்தான். அதைக் கலையின் விலையென்று அழகுபடுத்துவது, சிகிச்சையோடு போராடிக்கொண்டே நாள்தோறும் ஒப்பனை அறைக்கு வந்த மனிதரின் உழைப்பை மறைத்துவிடும்.

இறுதிக்கட்டத்தில் எழுத்தும் அவரைக் கைவிட்டது. 1993இல் வந்த இரண்டு மணி நேரப் படங்களில், சிறுகதைகளை நீட்டுவதற்காக மூலத்தில் இல்லாதவை பல புகுத்தப்பட்டன. அவருக்கு அது உவப்பாக இல்லை. 1994இல் ஒரு பகுதியில் உடல்நலக்குறைவால் அவர் பெரிதும் தோன்ற இயலாமல், ஹோம்ஸின் அண்ணன் பாத்திரமே கதையை நடத்திச் சென்றது. 1995 செப்டம்பர் 12ஆம் நாள் தம் 61ஆம் வயதில் இதயம் செயலிழந்து காலமானார். டாயில் எழுதிய 60 கதைகளையும் நடித்து முடிக்கும் ஆசை நிறைவேறவில்லை.

அன்பர்களே, மூலம் சிதைந்தால் நாம் எழுத்தாளரோடு சேர்ந்து வருந்துகிறோம். அது காக்கப்பட்டபோது காத்தவர் யார் என்று கேட்பதில்லை. நடிகரும் ஒரு வாசகரே. சில வேளைகளில் நம்மைவிடக் கவனமான வாசகர். ஆகவே வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இனி ஒரு கதை நாடகமானால், மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பேசுவோம். குறையைச் சொல்லும் அதே கூட்டத்தில், அக்கதையைப் படித்து நடித்தவரையும் பெயர் சொல்லிப் பாராட்டுவோம். அடுத்த பத்தாண்டுக்கு அது நல்ல தொடக்கமாகும்.