மையில் நிற்கும் ஊர்

சென்னை ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் சர் சி.பி. ராமசாமி ஐயர் வாழ்ந்த 'தி குரோவ்' வீடு இன்னும் நிற்கிறது. தோட்டமும் தாழ்வாரமுமாக அப்படி எத்தனையோ வீடுகள் இங்கே இருந்தன. இடித்து அடுக்குமாடி எழும்பிவிட்டால், பழைய வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்பதுகூட அடுத்த தெருக்காரருக்கு மறந்துபோகும்.

கட்டடம் போனாலும், யாராவது வரைந்து வைத்திருந்தால் அதன் உருவம் தங்கும். ஆம்ஸ்டர்டாமின் பழைய நகரமன்றம் 1652-இல் தீக்கிரையானது. நல்லவேளை, பீட்டர் சான்ரெடாம் என்ற டச்சு ஓவியர் 1641-லேயே அதைப் பேனாவும் மையுமாக நேரில் வரைந்து வைத்திருந்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான், கட்டடமே இல்லாத 1657-இல் அதை வண்ணத்தில் தீட்டினார்.

நம் பக்கத்தில் இப்படிப் பேனாவும் மையுமாகக் கட்டடங்களை வரைந்தவர் ஓவியர் மனோகர் தேவதாஸ். மதுரையில் பிறந்து, சென்னையில் பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்து, சாந்தோமில் குடியிருந்தவர். 2020-இல் பத்மஸ்ரீ, 2022-இல் மறைவு. விழித்திரை நோய் அவர் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிலேயே உருகி நின்றுவிடுகிறார்கள், படம் ஓரமாகிவிடுகிறது.

படத்துக்கு வருவோம். மைக்கோட்டில் சாம்பல் நிறம் கிடையாது. கறுப்புக் கோடு, வெள்ளைத் தாள், அவ்வளவுதான். நிழல் வேண்டுமென்றால் சாய்கோடுகளை நெருக்கிப் போட வேண்டும். இன்னும் இருள வேண்டுமென்றால் அவற்றின் குறுக்கே இன்னொரு வரிசை. வெயில் படும் சுவரைத் தொடாமல் விட வேண்டும். தப்பினால் அழிக்க முடியாது. தேவதாஸின் தூண்களில் உருட்சி தெரிவதும், மண்டபத்துக்குள் இருட்டு ஆழமாக இறங்குவதும் இந்தப் பொறுமையால்தான். விட்ட வெள்ளையில்தான் அவர் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். 'கிரீன் வெல் இயர்ஸ்' நூலில் அவர் காட்டுவது தன் பால்யத்து மதுரை, பாசம் கலந்தது. வாசல் எங்கே, ஜன்னல் எத்தனை என்று சாட்சி கேட்டால், எதிரே உட்கார்ந்து வரைந்த சான்ரெடாமைத்தான் முதலில் கூப்பிடுவேன். சென்னைக்காரர்கள் தொடங்க வேண்டியது 'மெட்ராஸ் இங்க்ட்'. கட்டடக் கலைஞர் சுஜாதா சங்கரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த நூல். முகப்பை ரசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். பூதக்கண்ணாடி வைத்து நிழல் விழும் மூலைகளைப் பாருங்கள்.