கடன் துண்டும் கைச்சீட்டும்

(மே தினத்தை ஒட்டி, கேகாலை - இரத்தினபுரி தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மே தினம் எங்கே பிறந்தது என்று பிள்ளைகள் கேட்டால் "சிக்காகோவில்" என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் நிறுத்திக் கொள்வோம். இன்றைக்கு அந்த அமெரிக்கத் தொழிலாளியையும் நம்ம பூட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். இரண்டு பேரும் ஒரே காலத்து ஆட்கள்.

1870 முதல் 1900 வரை அமெரிக்காவில் ரயில் பாதையும் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும் மளமளவென்று பெருகின. அதற்கு ஆள் வேண்டும். இத்தாலி, போலந்து, சீனா என்று பல தேசத்து ஏழைகள் கப்பலேறினார்கள். அதே காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து நம்ம ஆட்கள் கண்டிச்சீமைக்குக் கிளம்பினார்கள். 1876-78 தாது வருசப் பஞ்சம் இன்னும் ஆயிரக்கணக்கானவர்களைத் துரத்தியது. மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடை. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1869இல் கோப்பியில் நோய் விழுந்தது. கோப்பி அழிந்த மலையில் தேயிலை ஏறியது. பிறகு மோட்டார் கார் வந்து டயருக்கு றப்பர் தேவைப்பட்டபோது, நம்ம கேகாலை, இரத்தினபுரிப் பக்கமும் றப்பர் தோட்டமானது. இங்கே வெட்டிய பாலில் பெரும்பங்கை வாங்கியது அந்த அமெரிக்காதான்.

அந்த ஆட்களைக் கூட்டி வந்தது யார்? இங்கே கங்காணி. அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர்களுக்கு 'பத்ரோனே' என்று ஒருவன். அவனும் அதே பாஷை பேசுகிறவன்தான். "வேலை நான் வாங்கித் தாறேன்" என்று கூட்டிப் போவான். கப்பல் காசைக் கடனாகத் தருவான், கூலியில் பிடித்துக் கொள்வான், சாப்பாட்டுச் சாமானையும் அவனிடமேதான் கூடின விலைக்கு வாங்க வேண்டும். சுரங்க ஊர்களில் கம்பனிக் கடை வேறு. சில இடத்தில் கூலியே அந்தக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டாகத்தான் கிடைத்தது. கேட்கும்போது நம்ம கதை மாதிரி இருக்கிறது அல்லவா?

நம்ம கதையையும் சொல்லுவோம். பெரிய கங்காணி துரையிடம் முன்பணம் வாங்கி ஊருக்குப் போவார். வழிச் செலவு, சோறு, போர்த்திய கம்பளி எல்லாம் ஆள் பேரில் கடனாக எழுதப்படும். பிரட்டுக்குப் போன முதல் நாளே ஆள் கடன்காரன். தோட்டத்தில் கொடுத்த அரிசியும் கணக்கில் ஏறும். எழுதினது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று கேட்க நம்ம ஆளுக்கு எழுத்துத் தெரியாது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, கட்டினால் விடுகிறோம் என்று எழுதின சின்னக் காகிதம் அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக் கொள்ளும். ஆள் மாறினான், கடன் மாறவில்லை. சொல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவுக்குப் பூட்டு தேவைப்படவில்லை. துண்டு ஒன்றே போதுமாக இருந்தது.

இது எப்படி மாறியது? அமெரிக்காவில் 1886 மே முதலாம் திகதி, எட்டு மணி நேர வேலை கேட்டு நகரம் நகரமாக வேலைநிறுத்தம் நடந்தது. சிக்காகோ வைக்கோல் சந்தையில் குண்டு வெடித்தது. 1887இல் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். வேலை நேரத்துக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1938இல்தான் வந்தது. இங்கே சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள், இந்திய அரசும் வற்புறுத்தியது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன்படி தாழ்ந்த பகுதித் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மாளும் கூடவே நின்றார். 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார். அந்தப் பத்துச் சத வித்தியாசம் மாதிரியான பாகுபாடு நீங்கிப் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம கூலி வர 1984 ஆனது.

கடன் காகிதம் போனதும் இன்னொரு காகிதம் கேட்டார்கள். வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் சீனப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அவர் பிரசை இல்லை என்று தடுத்தபோது வழக்காடினார். 1898இல் உயர் நீதிமன்றம், இந்த மண்ணில் பிறந்தவர் இந்நாட்டுப் பிரசை என்று தீர்ப்புச் சொன்னது. நமக்கு 1948இல் நடந்தது வேறு. இங்கே பிறந்தது போதாது, தகப்பன் வழியிலும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்த எத்தனையோ பேருக்குப் பதிவே இல்லை. உழைப்பு மலை முழுக்கத் தெரிந்தது, அதைச் சொல்லக் காகிதம் இல்லை. 1964 ஒப்பந்தம் லட்சக்கணக்கானவர்களைப் பிரித்து அனுப்பியது. மிஞ்சியவர்களுக்கு வழி முழுதாகத் திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

ஆகவே தாய்மார்களே, நாங்கள் வேண்டிக் கேட்பது இதுதான். அன்று காகிதத்தை எழுதினவன் ஒருவன், அதில் கட்டுப்பட்டவன் இன்னொருவன். இன்று நம்ம வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை இருக்கிறது. சம்பளச் சீட்டை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்: எத்தனை பேர், எத்தனை கிலோ, எதற்கு எவ்வளவு பிடித்தார்கள், சேமலாப நிதிக்கு எவ்வளவு போனது? கணக்கு உதைத்தால் அந்த மாதமே கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் தலைவரையோ மாதர் சங்கத்தையோ கூட்டிப் போங்கள். பிள்ளை பிறந்தால் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். பேர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். லயத்துக்கே தேடி வந்து கடன் தருகிறவர் நீட்டும் தாளில், வட்டி எவ்வளவு, எத்தனை தவணை என்று தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். பக்கத்து வீட்டுக்குப் பிணை நிற்கும்போதும் அப்படித்தான். கையெழுத்து வாங்க அவசரப்படுத்துகிறவரிடம், "நாளைக்கு வாங்க, பிள்ளை வாசிச்சுச் சொல்லட்டும்" என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

நம்ம பூட்டன் ரேகை வைத்த இடத்தில் நாம் வாசித்துக் கையெழுத்து வைப்போம்.