விசாரணை வேண்டாம் என்றவர்கள்

தலைமை உரை என்றால் வாழ்த்தும் நன்றியுமாக முடிவது நம் வழக்கம். ஆனால் மக்கள் உயிரைப் பறித்த மருத்துவப் பிழைகளை விசாரிக்க அரசுகள் ஏன் தயங்குகின்றன என்று பேசக் கூடியிருக்கும்போது, நேராக ஒரு வழக்குக்குள் போவதே முறை. பிரிட்டனின் மாசுபட்ட ரத்த விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1970களில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு ஃபேக்டர் 8 என்ற மருந்து வந்தது. ரத்தம் உறைய உதவும் புரதம். வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஒரு தொகுதி மருந்து செய்ய ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்தார்கள். அமெரிக்காவில் காசுக்குக் கொடுத்தவர்களும் சிறைக் கைதிகளும் அதில் அடக்கம். ஒருவரிடம் கிருமி இருந்தாலும் தொகுதி முழுவதும் கெட்டது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களையும் சேர்த்து, 30,000க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி.யோ ஹெபடைடிஸோ தொற்றியது. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள்.

ஹாம்ப்ஷயரில் ட்ரெலோர் என்ற உறைவிடப் பள்ளி இருக்கிறது. அதன் வளாகத்திலேயே அரசு மருத்துவ சேவையின் ஹீமோஃபிலியா மையம் இயங்கியது. பெற்றோர் நம்பி விட்டுப்போன பிள்ளைகள் ஆராய்ச்சிப் பொருளாகவும் பயன்பட்டார்கள். 1970 முதல் 1987 வரை அங்கே படித்த 122 ஹீமோஃபிலியா மாணவர்களில் மிஞ்சியவர்கள் சுமார் 30 பேர்.

எச்சரிக்கை வராமல் இல்லை. 1983 மே மாதம், தொற்றுநோய்க் கண்காணிப்பு மையத்தின் இயக்குநர் ஸ்பென்ஸ் கால்பிரெய்த் சுகாதாரத் துறைக்கு எழுதினார்: 1978க்குப் பிறகு அமெரிக்காவில் எடுத்த ரத்தத்திலிருந்து செய்த பொருள்களைத் திரும்பப் பெறுங்கள். பெறவில்லை.

பிறகு வந்த அரசுகள், எந்தக் கட்சியானாலும், ஒரே பல்லவியைப் பாடின. அன்றைய மருத்துவ அறிவுக்கு எட்டிய சிறந்த சிகிச்சையையே கொடுத்தோம். விசாரித்துப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. இந்த இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறது அது. இதைச் சோம்பல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கோப்பைத் திறந்தால் இழப்பீடு கேட்பார்கள் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. 1991இல் எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்குப் பணம் கொடுத்தபோது, ஹெபடைடிஸுக்காக வழக்குப் போட மாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். அந்த நோயும் தங்கள் உடம்பில் இருப்பது பலருக்கு அதற்குப் பிறகுதான் தெரியவந்தது!

அரசு மறுத்ததால் 2007இல் ஆர்ச்சர் பிரபு தனியார் நன்கொடையில் ஒரு விசாரணை நடத்தினார். யாரையும் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. சுகாதாரத் துறை சாட்சி சொல்ல வரவில்லை. சில காகிதங்களை மட்டும் அனுப்பியது. ஸ்காட்லாந்தில் நடந்த பென்ரோஸ் விசாரணைக்கு அதிகாரம் இருந்தது, ஆனால் அந்த எல்லைக்குள் மட்டும். 2015இல் வந்த அதன் கனத்த அறிக்கையில் ஒரே ஒரு பரிந்துரை: 1991 செப்டம்பருக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சி பரிசோதனை செய்யுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் எடின்பரோவில் அறிக்கையின் பிரதிகளைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள்.

நாடு முழுவதற்குமான விசாரணை 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அப்போது பிரதமர் தெரசா மே தேர்தலில் பெரும்பான்மை இழந்திருந்தார். அவருக்கு முட்டுக்கொடுத்த வட அயர்லாந்துக் கட்சி உட்பட மற்றக் கட்சித் தலைவர்கள் விசாரணை கேட்டுச் சேர்ந்து கடிதம் எழுதியிருந்தார்கள். மனச்சாட்சியை விட எண்ணிக்கை வேலை செய்தது என்பதே என் கருத்து.

அந்த விசாரணையின் தலைவராக அதிகாரத்தோடு உட்கார்ந்த பிரையன் லாங்ஸ்டாஃப் 2024 மே 20 அன்று அறிக்கை தந்தார். சுகாதாரத் துறையின் சில கோப்புகள் 1993இல் வேண்டுமென்றே அழிக்கப்பட்டிருந்தன, உண்மை மறைக்கப்பட்டது, பெரும்பகுதித் துயரம் தவிர்த்திருக்கக் கூடியது. புதிதாக ஒன்றுமில்லை என்று சொன்னவர்களின் அலுவலகத்திலிருந்தே இவ்வளவும் வெளிவந்தது. ஜப்பானிலும் இதே கதைதான். கோப்பே இல்லை என்று அமைச்சகம் சாதித்தது. 1996இல் நாவோட்டோ கான் சுகாதார அமைச்சராகிச் சில வாரங்களில் அவை அங்கேயே கிடைத்தன.

விசாரணைகள் நீளும், செலவு வைக்கும் என்பார்கள். உண்மைதான். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இழப்பீடு பற்றிய தன் பரிந்துரையை லாங்ஸ்டாஃப் 2023 ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டார். முழு அறிக்கை வரட்டும் என்று அரசு காலம் கடத்தியது. பல பத்தாண்டுகள் விசாரணை வேண்டாம் என்றவர்கள், கடைசியில் அந்த விசாரணைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டார்கள். அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நான்கு வாக்கில் தோற்ற பிறகே அரசு அசைந்தது.

கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த விசாரணையைப் பற்றிப் பேசினாலும், ஆவணத்தைக் கேட்டு வாங்கவும் அதிகாரியைக் கூண்டில் ஏற்றவும் அதற்கு அதிகாரம் இருந்ததா என்பதை முதலில் சொல்லுங்கள். விசாரணையை மறுத்தவர் யார், எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லி மறுத்தார் என்பதையும் பதிவு செய்யுங்கள். அறிக்கையை மட்டும் சுருக்கித் தருவது போதாது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வினர் மேடைக்கு வரலாம்.