ரிட் மனுவும் ரெக்கார்டு நோட்டும்: பொதுநலச் சட்டப்பணியில் இளம் வழக்கறிஞர்

மாநாட்டுத் தலைமை உரை

பொதுநலச் சட்டப்பணியில் இளம் வழக்கறிஞர்களை நிலைபெறச் செய்யும் வழிகளை ஆராயக் கூடியுள்ள இம்மாநாட்டின் தலைமையை, வழக்காடியதைவிட வகுப்பெடுத்ததே மிகுதியான ஒருவரிடம் ஒப்படைத்தது அவையின் பெருந்தன்மை. பொறுப்பேற்றவருக்கோ அது பெருமையும் கலக்கமும் சேர்ந்தே தருவது. நாள்தோறும் நீதிமன்றப் படியேறி இறங்குவோர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவர்களுடைய தொழில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை வகுப்பறையில் காலம் கழித்தவர் எடுத்துச் சொல்வது துணிச்சலே என்பதும், அந்தத் துணிச்சலுக்குத் தக்க காரணம் காட்டவில்லையெனில் அவை பொறுக்காது என்பதும் தலைமையுரையாளர் அறியாதவை அல்ல.

அறிவிக்கப்பட்ட பொருளின் அடிப்படைச் செய்திகளை இங்கே விரிப்பது கொல்லர் தெருவில் ஊசி விற்பதாகும். இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கும் 39அ உறுப்பு 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்ததும், 1987-இல் இயற்றிய சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 வரை காத்திருக்க நேர்ந்ததும் யாவரும் அறிந்தவை. பணம் தொடர்பான அண்மைச் செய்திகளும் புதியவை அல்ல. வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சட்டத்தில் குறித்துள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஆயின் 125 ரூபாய்க்கு மேல், மாநில பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய மாதம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்க, அவ்வாண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகர்ப்புறத்துக்கு மாதம் 20,000 ரூபாய், ஊரகத்துக்கு 15,000 ரூபாய் என்று சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை பரிந்துரையே அன்றி ஆணை அன்று. வாய்தாவுக்கு வாய்தா கட்சிக்காரரிடம் வாங்கி, அதிலிருந்து குமாஸ்தாவுக்குச் சம்பளம் கொடுக்கும் தாலுகா நீதிமன்ற சீனியர் அந்தத் தொகைக்கு எங்கே போவார் என்பதற்கு அதில் விடையில்லை. இவற்றை இன்றைய அமர்வுகள் விரிவாகப் பேசும் என்பதால் இவ்வுரை வேறொன்றை எடுத்துக்கொள்கிறது.

அந்த வேறொன்று ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது. ஏழைகள், கைதிகள், தொழிலாளர்கள், ஒடுக்கப்பட்டோர் ஆகியோர்க்காக வழக்கறிஞர் செய்யும் பணி முழுவதையும், அதாவது ஜாமீன் மனு, குறுக்கு விசாரணை, தீர்ப்பாய வழக்கு, சிறைச் சந்திப்பு, சட்ட ஆலோசனை ஆகிய அனைத்தையும், குறிக்க வேண்டிய இடத்தில் தமிழில் 'பொதுநல வழக்கு' என்ற தொடரே வந்து நிற்கிறது. அத்தொடரோ, அரசமைப்பின் 32 அல்லது 226-ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ தாக்கல் செய்யும் நீதிப்பேராணை மனுவை, வழக்குமொழியில் ரிட் மனுவை, மட்டுமே மனத்தில் எழுப்புகிறது. பொதுநலப் பணியில் இறங்க விரும்பும் மாணவரிடம் என்ன செய்வீர் என்று கேட்டால் "பி.ஐ.எல். போடுவேன்" என்ற விடைதான் வருகிறது, ரிமாண்டு நேரத்தில் நடுவர் முன் போய் நிற்பேன் என்று சொல்பவர் அரிது. சொல் குறுகியபோது தொழிலும் குறுகிவிட்டது என்பதே இவ்வுரையின் வாதம்.

இக்குறுக்கத்தில் ஆய்வாளர்க்கும் பங்குண்டு. பொதுநல வழக்கின் தோற்றத்தைப் பற்றி இத்துறையில் நெடுநாளாக ஒரு போட்டி நடக்கிறது. நாளேட்டுச் செய்தியை ஆதாரமாகக் கொண்டு பீகார் விசாரணைக் கைதிகளுக்காகக் கபிலா ஹிங்கோரானி தொடுத்த 1979-ஆம் ஆண்டு ஹுசைனாரா கத்தூன் வழக்கே தொடக்கம் என்பது பெரும்பான்மைக் கட்சி. நீதிபதி கிருஷ்ணய்யரின் 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைக் காட்டுவோர் சிறுபான்மை. மக்கள் கல்விச் சங்கத்தின் மீதான தடையை எதிர்த்து வி.ஜி. ராவ் நடத்தி 1952-இல் வென்ற சென்னை மாகாண வழக்கே மூத்தது என்று வாதிடுவோர் இந்த அவையிலேயே உள்ளனர். கடைசிக் கட்சியாரின் ஊர்ப்பற்று போற்றத்தக்கது. எனினும் அவர்கள் 27 ஆண்டுகள் பின்னோக்கி நடந்தும் அதே ரிட் மனுவின் வாசலில்தான் போய் நின்றிருக்கிறார்கள். அமெரிக்கப் பெயரை அப்படியே சுமக்க வேண்டாம், இந்தியாவில் நடப்பது 'சமூகச் செயல் வழக்கு' என்று உபேந்திர பக்ஷி 1980-களில் வலியுறுத்தியது சரியான எச்சரிக்கை. ஆனால் அவரும் பெயரின் முன்பாதியை மாற்றினாரே தவிர, பின்பாதியிலுள்ள 'வழக்கு' உச்ச நீதிமன்றத்திலேயே இருக்க விட்டுவிட்டார். 2017-இல் வெளிவந்த நூலில் அனுஜ் புவானியா, பொதுநல வழக்கு முறை நடைமுறைக் கட்டுப்பாடுகளைக் கைவிட்டதால் ஏழைகளுக்கே கேடு விளைந்தது என்று காட்டினார். அதை அவநம்பிக்கை என்று ஒதுக்கிய மதிப்புரைகளை எழுதியோர் அந்நூலை மறுமுறை படிப்பது நன்று. நடைமுறை என்பது ஏழையின் எதிரி அன்று, பெரும்பாலும் அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே துணை என்ற அவருடைய உட்கருத்து, இளம் வழக்கறிஞரின் தொழிலுக்கே நேரடியாகப் பொருந்துகிறது.

எப்படிப் பொருந்துகிறது என்பதற்குக் கட்டாய ஜாமீன் ஒன்றே போதும். ஒருவரைக் காவலில் வைத்து 60 நாள்களுக்குள், மரணம், ஆயுள் அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயின் 90 நாள்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்டுப்பெறும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3). நாளை எண்ணும்போது ரிமாண்டு செய்த நாளும் கணக்கில் சேரும் என்பது 2023-இல்தான் தெளிவாயிற்று. வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. சென்னையின் போதைப்பொருள் வழக்கு ஒன்றில், அவ்வகை வழக்குக்குரிய 180 நாள் கெடு முடிந்த மறுநாள் காலை 10.30 மணிக்கு ஜாமீன் மனு தாக்கலானது. அன்று மாலை 4.25 மணிக்குப் புலனாய்வுத் துறையின் கூடுதல் புகார் வந்தது. அந்த ஆறு மணி நேர இடைவெளியே 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று மனுதாரருக்கு ஜாமீனைப் பெற்றுத் தந்தது. காலெண்டரை வைத்து நாளெண்ணி, நீதிமன்றம் கூடியவுடன் மனுவோடு நிற்பதற்குப் பேச்சாற்றல் வேண்டாம், பழக்கம் வேண்டும். 2022-ஆம் ஆண்டு முடிவில் நாட்டின் சிறைகளிலிருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் சுமார் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள் என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்ணிக்கையைப் பார்த்தால், அப்பழக்கமுள்ளவர் எத்தனை பேர் தேவை என்பது விளங்கும்.

அப்பழக்கம் எங்கே கற்பிக்கப்படுகிறது என்ற கேள்விதான் இவ்வுரையை அது பொருட்படுத்தும் சான்றுக்குக் கொண்டுவருகிறது. இந்திய பார் கவுன்சிலின் சட்டக்கல்வி விதிகள்படி, செய்முறைத் தாள்களில் ஒன்றில், மாணவர் இரண்டு வழக்குகளின் விசாரணையை நேரில் கண்டு, ஒவ்வொரு நாளும் கண்ட கட்டங்களைப் பதிவேட்டில் எழுதித் தர வேண்டும். அதற்கு 30 மதிப்பெண். மாணவர் வழக்கில் ரெக்கார்டு நோட்டு எனப்படும் இக்குறிப்பேட்டை ஆய்வாளர் எவரும் சான்றாக மதித்ததில்லை. அதை முழுதாகப் படித்த ஆசிரியரும் சிலரே. பாதிக்கு மேல் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்பது உண்மை. ஆனால் எஞ்சிய பாதியில், "சாட்சி வந்திருந்தார், அரசு வழக்கறிஞர் விடுப்பு, வாய்தா. சாட்சி பஸ் காசு கேட்டார்" என்பது போன்ற பதிவுகள் கிடைக்கின்றன. எந்தத் தீர்ப்புத் தொகுதியும் இதைச் சொல்லாது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையிலேயே இருப்பவரும், மொழி புரியாமல் தலையாட்டும் வடமாநிலத் தொழிலாளரும், வழக்கறிஞர் பெயர் கேட்டபோது விழிக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் இக்குறிப்பேடுகளில்தான் இருக்கின்றனர். சென்ற மாநாடு ஒன்றில் இக்கருத்து முன்வைக்கப்பட்டபோது, மாணவர் கையெழுத்தைச் சான்றென்பதா என்று மூத்த அறிஞர் ஒருவர் நகைத்தார். நீதிமன்ற நடப்பைக் கூடத்தில் இருந்து பார்த்தவர் எழுதியதை விலக்கி, நூலகத்தில் இருந்தவர் ஊகித்ததை ஏற்கும் முறையியல் எது என்று அவரிடம் பணிவுடன் கேட்க இப்போது வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

விசாரணை நீதிமன்றத்தை மறந்த வரலாறு எதை இழக்கிறது என்பதற்கு வாச்சாத்தி சான்று. 1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடிச் சிற்றூரில் நிகழ்த்திய கொடுமையை வெளிக்கொணர்ந்ததில் ரிட் மனுவின் பங்கு பெரிது. 1995-இல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கே நின்று, ஒரே தாவலில் தீர்ப்புக்குப் போய்விடுகின்றன. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29-இல். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே நாளில். ரிட் மனு மூன்றாண்டுக்குள் தன் வேலையை முடித்துக்கொண்டது. அதற்குப் பிந்தைய பதினாறு ஆண்டுகளும் சாட்சிகளைத் திரும்பத் திரும்ப அழைத்துவருவதிலும், அவர்களைக் கலையாமல் காப்பதிலும், குறுக்கு விசாரணையைத் தாங்கச் செய்வதிலும் கழிந்தவை. மலைவாழ் மக்கள் சங்கத்தின் துணையின்றி அது நடந்திராது. இத்துறையின் பாடநூல்களில் அப்பதினாறு ஆண்டுக்கு ஒரு பத்தியும் இல்லை.

ஆகவே இளம் வழக்கறிஞருக்கான வழி தேடுவோர் பார்க்க வேண்டிய இடம், 2022-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு நாடு முழுதும் விரித்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறையே. வழக்குக்கு இவ்வளவு என்று படி பெற்ற பட்டியல் வழக்கறிஞர்க்கு மாறாக, தனி வழக்கு எதுவும் எடுக்காமல் முழுநேரமும் சட்ட உதவி வழக்குகளையே நடத்தி மாத ஊதியம் பெறுவோர் இவர்கள். தலைமை, துணை, உதவி என்னும் மூன்று படிநிலைகளில் கடைநிலைக்கு அனுபவமே இல்லாதவரும், மூன்றாண்டு வரை அனுபவமுள்ளவரும் தகுதியுடையோர். பொதுநலப் பணிக்கு முதல்நாளிலிருந்தே சம்பளம் என்பது இந்நாட்டில் எளிதில் கிடைத்ததன்று. குறை, அது ஒப்பந்தப் பணி என்பதில் இருக்கிறது: முதலில் இரண்டாண்டு, பின்னர் ஆண்டுக்காண்டு நீட்டிப்பு. ரிமாண்டு தேதியை எண்ணவும் சிறைச் சந்திப்பில் கைதியைப் பேசவைக்கவும் கற்றுத் தேறும் வேளையில் அந்த இளைஞர் நீட்டிப்புக் கடிதத்துக்குக் காத்திருக்கிறார். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்த பின், பலருக்கு இப்பணி தேர்வுக்குமுன் தங்கும் சத்திரமாகவும் ஆகக்கூடும். சத்திரமாயினும் கெடுதலில்லை, கைதியின் பக்கம் நின்றவர் பின்னாளில் நீதிபதி இருக்கையில் அமர்வது நல்லதே. ஆயினும் தங்க விரும்புவோர்க்கு உதவி நிலையிலிருந்து துணை நிலைக்கும், அதிலிருந்து தலைமைக்கும் ஏறும் ஏணி எழுத்தில் உறுதியாக இருக்க வேண்டும். உதவித்தொகைச் சுற்றறிக்கைக்குக் காட்டிய ஆர்வத்தில் பாதியை வழக்கறிஞர் சங்கங்கள் இதற்குக் காட்டினால் போதும்.

இம்மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் ரிட் அதிகாரம் பற்றிய கட்டுரைகள் பல உள்ளன. நடுவர் நீதிமன்றம் பற்றியது ஒன்றும் இல்லை. இதற்கு நிரலை வகுத்தோரைக் குறை சொல்வதற்கில்லை, எழுதியோர் இல்லை. அவையின் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தலைமையுரையாளரின் வேண்டுகோள் ஒன்று உண்டு: இக்கல்வியாண்டு முடிவில் எடைக்குப் போகவிருக்கும் குறிப்பேடுகளை ஓராண்டேனும் நிறுத்திவைத்து, பெயர்களை மறைத்து, ஒரு மாவட்டத்துக்கு ஒரு கட்டு என்று தொகுத்து அனுப்ப வேண்டும். அமைப்பாளர்களுக்கு மற்றொன்று: அக்கட்டுகளிலிருந்து எழுதப்படும் முதல் கட்டுரையை அடுத்த மாநாட்டில் உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் ஒருவர் வாசிக்க வேண்டும், அவருக்குப் பயணப்படியும் தர வேண்டும்.