பாரம் குறைந்த பேஸ் பெருக்கி: நாதமும் விலையும்

மேற்கத்திய மெல்லிசைக் குழுவொன்று மேடையேறும்போது சபையோரின் கண்கள் பாடகர்மீதும் முன்னணிக் கிற்றார் வாசிப்பவர்மீதுமே நிலைத்திருக்கும். முரசுக்காரருக்கு அருகே அமைதியாக நிற்கும் பேஸ் கிற்றார்க் கலைஞரைக் கவனிப்போர் சிலரே. ஆயினும் அவர் வாசிப்பை நிறுத்திவிட்டால் பாட்டு அத்திவாரம் இழந்த வீடாகிவிடும். இத்தகைய கலைஞருக்கு நெடுங்காலமாக இருந்துவந்த துன்பம் ஒன்று உண்டு. அது இசை பற்றிய துன்பமன்று, சுமை பற்றியது. கச்சேரி முடிந்ததும் மற்றையோர் தத்தம் கருவிகளை உறையிலிட்டு வீடு செல்ல, பேஸ் வாசிப்பவர் மாத்திரம் தம் பெருக்கியையும் அதன் பெட்டியையும் தூக்க ஆள் தேடி நிற்பார். முதுகு நொந்தமையாலே மேடையை விட்டு விலகிய கலைஞரும் உண்டு. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தச் சுமை வியக்கத்தக்க அளவு குறைந்திருக்கின்றது. சுமை குறைந்தபோது நாதமும் குறைந்ததா, கொடுக்கும் பணத்திற்கேற்ற பயன் கிடைக்கின்றதா என்னும் வினாக்களே இங்கு ஆராயப்படுகின்றன.

பேஸ் பெருக்கி ஏன் பாரமாக இருத்தல் வேண்டும்? இதற்கு விடை செவியின் இயல்பிலே தொடங்குகின்றது. நான்கு தந்திப் பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தியாகிய 'ஈ' தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கின்றது. ஐந்து தந்திக் கருவியில் அதற்கும் கீழுள்ள 'பீ' தந்தி ஏறக்குறைய 31 தடவையே அதிர்கின்றது. மனிதச் செவி இத்துணைத் தாழ்ந்த ஒலிகளை மந்தமாகவே உணர்கின்றது. பேச்சுக் குரலைத் தெளிவாகக் கேட்கச் செய்யும் அளவு வலு, தாழ்ந்த சுரத்தை முணுமுணுப்பாகத்தான் ஒலிக்கச் செய்யும். ஆகவே பேஸ் பெருக்கிக்கு மிகுந்த வலு வேண்டும். அதன் ஒலிபெருக்கி பெருமளவு காற்றை அசைத்தலும் வேண்டும்.

1951ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் என்பார் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின் பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கென்றே 1952இல் 'பாஸ்மன்' என்னும் பெருக்கியும் அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 1960இல் அம்பெக் நிறுவனம் 'பி-15' என்னும் பெருக்கியை அளித்தது. மேற்பாகத்தைக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே மூடிவைக்கத்தக்க அமைப்புடைய அது, ஒலிப்பதிவுக் கூடங்களிற் பெரிதும் விரும்பப்பட்டது. 1969இல் அதே நிறுவனம் 'எஸ்.வி.ரி.' என்னும் பெரும் பெருக்கியை வெளியிட்டது. அதன் வலு 300 உவாற்று. அதனுள் 14 வால்வுகள் இருந்தன. அதன் வழித்தோன்றலாக வந்த 'எஸ்.வி.ரி.-சி.எல்.' என்பதன் நிறை ஏறக்குறைய 36 கிலோ. அதற்குரிய, பத்தங்குல ஒலிபெருக்கிகள் எட்டைக் கொண்ட பெட்டியின் நிறை ஏறக்குறைய 63 கிலோ. இரண்டையும் சேர்த்தால் ஐம்பது கிலோ அரிசி மூடைகள் இரண்டைத் தூக்குவதற்கு ஒப்பாகும். அந்த நாதம் கம்பீரமானது என்பதில் ஐயமில்லை. அதைச் சுமப்பவர் யார் என்பதே கேள்வி.

பழைய பெருக்கியின் பாரத்திற்கு முதற் காரணம் இரும்பு. வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 அல்லது 60 சுற்றுகள் மட்டுமே அலைவதால், அதனைக் கையாளும் மின்மாற்றிக்குப் பெரிய இரும்பு அகணி தேவைப்பட்டது. வால்வுப் பெருக்கியில் ஒலிபெருக்கியின் முன்னர் இன்னுமொரு மின்மாற்றியும் வேண்டும். இரண்டாவது காரணம் வெப்பம். பழைய முறையிலான பெருக்கி தான் பெறும் மின்சாரத்திற் பெரும் பகுதியை வெப்பமாகவே வீணாக்குவதால், அதனைத் தணிக்கத் தடித்த அலுமினியத் தகடுகள் வேண்டியிருந்தன.

இவ்விரண்டிற்கும் புதிய பொறியியல் மாற்றுக் கண்டது. முதலாவது, ஆளி முறை மின்வழங்கி. இது வீட்டு மின்சாரத்தை நேரோட்டமாக்கி, பின்னர் அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை, சிலவற்றில் இலட்சம் தடவை வரையும், துண்டித்துத் துண்டித்து அனுப்புகின்றது. திசைமாற்றம் விரைவாக நிகழுமளவிற்கு மின்மாற்றி சிறிதாகலாம். உள்ளங்கையிலடங்கும் மின்மாற்றி முன்னைய பெரும் இரும்புக் கட்டியின் வேலையைச் செய்துவிடுகின்றது. இரண்டாவது, 'டீ' வகுப்புப் பெருக்கி. இதிலே திரான்சிற்றர்கள் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருப்பதால் வெப்பம் மிகக் குறைவு. பெறும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை ஒலிபெருக்கியைச் சென்றடையும். 'டீ' என்பது 'டிஜிற்றல்' என்பதன் சுருக்கம் எனப் பலர் கருதுவர். அது தவறு. ஏ, பீ, சீ என்னும் வகுப்புகளுக்கு அடுத்து வந்தமையால் இதற்கு 'டீ' எனப் பெயரிட்டனர், அவ்வளவே. இக்கருத்துப் புதியதன்று. 1964இலேயே பிரித்தானியாவின் சின்கிளேயர் நிறுவனம் 'எக்ஸ்-10' என்னும் இத்தகைய பெருக்கியை விற்றது. அன்றைய திரான்சிற்றர்கள் போதிய விரைவு இல்லாதவையாதலால் அம்முயற்சி சிறக்கவில்லை. விரைவான திரான்சிற்றர்கள் தோன்றிய பின்னரே கருத்து நிறைவேறியது.

ஒலிபெருக்கியிலும் மாற்றம் நேர்ந்தது. 1980களின் முற்பகுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்ட நியோடிமியக் காந்தம், சிறிய உருவில் மிகுந்த வலிமை உடையது. அதனைப் பயன்படுத்தியதால் ஒலிபெருக்கியின் பாரம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பெட்டி விடயத்தில் இயற்கை விட்டுக்கொடுக்காத ஒரு விதி உண்டு. அதனை ஹொஃப்மன் என்னும் பொறியியலாளரின் பெயரால் 'இரும்பு விதி' என்று அழைப்பர். சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்சுரம், குறைந்த வலுவில் மிகுந்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டையே ஒருவர் ஒருங்கே பெறலாம். மூன்றாவதை இழக்க வேண்டும். மிகச் சிறிய பெட்டியில் மாபெரும் நாதம் என விளம்பரம் சொல்லுமாயின், இழந்தது எது என்று விசாரித்தல் நன்று.

இனிச் சில பெருக்கிகளை ஒப்புநோக்கலாம். இத்தாலி நாட்டு மார்க்பாஸ் நிறுவனத்தின் 'லிற்றில் மார்க்' பெருக்கி, பாரம் குறைந்த வகையை உலக மேடைகளில் நிலைநாட்டியவற்றுள் ஒன்று. அதன் நிறை ஏறக்குறைய மூன்று கிலோ; நான்கு ஓம் தடையில் 500 உவாற்றும், எட்டு ஓம் தடையில் 300 உவாற்றும் தரும். அதன் நாதம் தெளிவானது. விரலின் தொடுகையை மறைக்காதது. உயர்ந்த ஒலிகளைத் தணித்துப் பழைய பெட்டியின் இயல்பைத் தரும் திருகு ஒன்றும், நடு ஒலிகளைக் குழித்துவிடும் திருகு ஒன்றும் அதிலுண்டு. நியூயோர்க் நகரத்து அகிலார் நிறுவனத்தின் 'ரோன் ஹாமர் 500' இரண்டு கிலோவுக்கும் குறைந்தது. நான்கு ஓமில் 500 உவாற்றும் எட்டு ஓமில் 250 உவாற்றும் அதன் கணக்கு. அதன் இயல்பு கனிந்தது. 'டிறைவ்' என்னும் திருகைக் கூட்டினால் உயர்ந்த ஒலிகள் மென்மையாகி, வால்வுப் பெருக்கியை நினைவூட்டும் தடிப்பு உண்டாகும். கலியன்-குரூகர் நிறுவனத்தின் 'எம்.பி. 500' இதே நிறையும் வலுவும் உடையதாயினும் குணத்தில் வேறு. அதன் ஒலி கூர்மையானது; நடு ஒலிகளில் ஓர் உறுமல் தொனிக்கும். முழக்கமிடும் குழுவினுள்ளே தனித்துக் கேட்க விரும்புவோர் இதனை நாடுவர். பின்லாந்தின் டார்க்கிளாஸ் நிறுவனமோ கரடுமுரடான, சிதைவுற்ற நாதத்தை விரும்பும் கடின றொக் இசைக் கலைஞருக்கெனத் தன் பெருக்கிகளை அமைத்துள்ளது.

அளவிற் சிறிய கோடியில் நிற்பது ட்ரேஸ் எலியட் பெயரில் வந்த 'எல்ஃப்'. அது ஒரு கிலோவிற்கும் குறைந்தது. சட்டைப் பையிலும் வைக்கலாம் போன்ற அளவினது. 200 உவாற்று வலுவுடைய அது சிறு மண்டபத்திற்கும் ஒத்திகைக்கும் போதுமானது. பெருக்கியும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டியில் வேண்டுவோருக்கு ஃபெண்டரின் 'றம்பிள் 500' ஏற்றது. பத்தங்குல ஒலிபெருக்கிகள் இரண்டைக் கொண்ட அது 17 கிலோவிற்கும் குறைந்தது. தனியே 350 உவாற்றும், வெளியே இன்னொரு பெட்டி இணைத்தால் 500 உவாற்றும் தரும். தலைப்பெருக்கியும் பெட்டியும் தனித்தனியே வாங்கும் செலவோடு ஒப்பிட்டால், தொடக்க நிலைக் கலைஞருக்கு இதுவே சிக்கனமான வழி.

உவாற்றுக் கணக்கில் மயங்குவோர் பலர். வலுவை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபெல் மாத்திரமே உயரும். அது காதுக்குச் சிறு வேறுபாடு. ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் வலு ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 500 உவாற்றுப் பெருக்கியை விட்டு 800 உவாற்றுப் பெருக்கிக்கு மேலதிகப் பணம் கொடுப்பவர் இரண்டு டெசிபெல்லையே விலைக்கு வாங்குகின்றார். அன்றியும் நான்கு ஓம் கணக்கே விளம்பரத்திற் பெரிதாக அச்சிடப்படும். எட்டு ஓம் பெட்டி ஒன்றை மட்டும் இணைப்பவருக்கு அதிற் பாதியளவே கிடைக்கும். அதே பணத்தில் உணர்திறன் மிக்க பெட்டி ஒன்றையோ, அதே வகையான இரண்டாவது பெட்டியையோ வாங்கினால் பயன் அதிகம்.

அப்படியாயின் 300 உவாற்று வால்வுப் பெருக்கி 500 உவாற்றுச் சிறு பெருக்கியிலும் பெரிதாக ஒலிப்பது போலத் தோன்றுவதேன்? வால்வுப் பெருக்கி தன் எல்லையைத் தாண்டும்போது மெதுவாகவே சிதைவடையும். அச்சிதைவு மேற்சுரங்களைக் கூட்டி நாதத்தைத் தடிப்பாக்கும். 'டீ' வகுப்புப் பெருக்கி எல்லைவரை தூய்மையாக இருந்து, எல்லையில் அதன் கட்டுப்படுத்தி குறுக்கிட்டு ஒலியை அமுக்கிவிடும். இது குறையன்று, இயல்பு வேறுபாடு. வால்வின் குணத்தை முன்பகுதிச் சுற்றுகளால் ஓரளவு பெறலாம். முழுதும் பெறலாம் என்போர் கூற்றை மிகையென்றே கொள்ளல் வேண்டும்.

கடையிலே பெருக்கியைச் சோதிக்கும் முறையும் முக்கியமானது. இரண்டையும் ஒரே பெட்டியில், ஒரே கிற்றாரைக் கொண்டு, ஒரே ஒலியளவில் கேட்டல் வேண்டும். சிறிதளவு உரத்து ஒலிப்பதைக் காது சிறந்ததென்று தீர்ப்பளித்துவிடும். அந்த ஏமாற்றத்திற்கு இடங்கொடுக்கலாகாது. பெருக்கிக்கு மிக அருகே நில்லாது சில மீற்றர் தள்ளி நின்று கேட்டல் வேண்டும். எந்தப் பெருக்கி ஒலிக்கின்றது என்பதை அறியாதிருக்கப் பிறரைக் கொண்டு மாற்றுவித்தல் இன்னும் நன்று. தனியே இனிமையாக ஒலிக்கும் ஆழ்ந்த நாதம், முரசும் கிற்றாரும் சேர்ந்த பின் கரைந்து மறைவதுண்டு. ஆகவே இயலுமாயின் குழுவோடு வாசித்துப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் தகும்.

விலையைப் பற்றிய கணக்கு கடையோடு முடிவதில்லை. வால்வுப் பெருக்கியில் வால்வு பழுதானால் புதிது மாற்றலாம். அனுபவமுள்ள தொழிலாளி அதன் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தலாம். சிறு பெருக்கியின் உறுப்புகளோ எள்ளினும் சிறியவை. பழுதானால் முழுப் பலகையையே மாற்ற வேண்டி வரும். அப்பலகையின் உற்பத்தி நின்றுவிட்டால் பெருக்கி பயனற்றதாகலாம். எனவே உத்தரவாதக் காலமும், உதிரிப் பாகம் கிடைக்கும் இடமும் விலைச்சீட்டைப் போலவே கவனிக்கத்தக்கவை. நியோடிமியத்தின் விலையும் நிலையானதன்று; 2010, 2011ஆம் ஆண்டுகளில் சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் அது பன்மடங்கு உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் இன்னுமொன்றை மறவாதிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 உவோற்று. இலங்கையில் 230 உவோற்று. ஆளி முறை மின்வழங்கிகளுட் சில இரண்டையும் தாமே ஏற்கும், சில ஏற்கா. பின்புறச் சீட்டை வாசியாது செருகியை மாட்டுபவர் ஒரு நொடியில் முழுப் பணத்தையும் புகையாக்கிவிடுவார்.

இவற்றைத் தொகுத்து நோக்கின் தெளிவு பிறக்கும். வீட்டிலும் ஆலயப் பாடகர் குழுவிலும் வாசிப்பவருக்கு 200 உவாற்று அளவே போதும். மண்டபக் கச்சேரிகளுக்கு 500 உவாற்றுப் பெருக்கியும் நல்ல பெட்டி ஒன்றும் அமையும். பெரிய அரங்குகளிலோ பேஸ் நாதம் அரங்கின் பொது ஒலிபெருக்கிகள் வழியே சபையைச் சென்றடைவதால், மேடைப் பெருக்கி கலைஞரின் செவிக்கு மட்டுமே உதவுகின்றது. அங்கே பெரும்பாரம் சுமப்பது வீண். நிலையான கூடத்தில் வைத்து வாசிப்பவரும், வால்வின் கம்பீரமே தம் உயிரெனக் கருதுபவரும் பழைய பெருக்கியை நாடுவதில் தவறில்லை. ஏனையோருக்குப் புதிய சிறு பெருக்கி நாதத்தில் இழப்பது சிறிது. உடல்நலத்தில் ஈட்டுவது பெரிது. மிச்சப்படும் பணத்தைப் பெட்டிக்குச் செலவிட்டு, மிச்சப்படும் வலிமையை வாசிப்பிற்குச் செலவிடும் கலைஞர், முப்பது வயதிற் போலவே அறுபது வயதிலும் தம் கருவியைத் தாமே தூக்கிக்கொண்டு மேடையேறலாம். அக்கலைஞருக்கு அதுவே பெறுமதிகளுள் எல்லாம் பெரிய பெறுமதியாகும்.