கட்டணம் கட்டினோம், வழியைக் கவனிக்கவில்லை

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





ஆண்டறிக்கையைப் பொருளாளர் வாசித்துவிட்டார். கல்வி உதவி, விதவையர் உதவித்தொகை, மருத்துவ உதவி, ரமளான் அரிசி எல்லாம் அதில் இருக்கின்றன. கணக்கும் சரியாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அந்த அறிக்கையில் இடம் பெறாத ஒரு விஷயத்தைப் பேசத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு நாம் கல்லூரிக் கட்டணம் கட்டிய பிள்ளைகளில் மூன்று பெண்பிள்ளைகள் இந்த ஆண்டு படிப்பை நிறுத்திவிட்டார்கள். புதுப்பிப்பு விண்ணப்பம் வரவில்லை. கல்யாணம் பேசியிருப்பார்கள் என்று நம் குழுவில் ஒருவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. ஷவ்வால் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு, என் வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்த மூன்று வீடுகளுக்கும் போனேன். எந்த வீட்டிலும் கல்யாணப் பேச்சு இல்லை. மூன்று வீட்டிலும் சொன்ன காரணம் ஒன்றுதான்: போய்வர முடியவில்லை.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம். திருவல்லிக்கேணியில் தலைமுறையாக வாடகைக்கு இருந்த குடும்பம். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறோம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் கேட்ட அட்வான்ஸுக்குக் கட்டுப்படியாகாமல், தாம்பரம் தாண்டி, வண்டலூர் தாண்டி, நம் ஊரப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தாவுக்கு இன்னும் வேலை ஜாம்பஜார் பக்கம் ஒரு தையல் கடையில். பிள்ளை படிப்பது நகருக்குள் ஒரு கல்லூரியில். குடியிருப்பு மட்டும்தான் இங்கே.

அந்தப் பிள்ளையின் ஒரு நாளைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். ஃபஜ்ர் தொழுததும் கிளம்ப வேண்டும். வீட்டிலிருந்து ரயில் நிலையம் மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ அவர்கள் தெருவுக்கு வராது. ஆள் நிறையும் இடத்தில்தான் நிற்கும். அதுவரை நடக்க வேண்டும். நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடும் அளவுக்குத் தாம்பரத்துக்கு இப்பால் வண்டிகள் ஓடுவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போயிற்று. ரயிலை விட்டு இறங்கி மறுபடி பேருந்து. திரும்பி வரும்போது மஃரிப் தாண்டி இஷா நெருங்கிவிடும். அப்போது அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர் இருக்கிறதே, அதில் பாதி வழி விளக்கு இல்லை. ஒரு பக்கம் ஏரிக்கரை, ஒரு பக்கம் காலி மனை, நாய்கள். தாய் தினமும் சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நிலையத்தில் போய் நிற்பார். அவருக்கு முழங்கால் வலி அதிகமானதும் அது நின்றது. அது நின்றதும் படிப்பும் நின்றது.

அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "ஃபீஸ் நீங்க கட்டினீங்க பாய், அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனா ஸ்டேஷன்ல இருந்து புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வர யார் இருக்கா?"

இதைவிட எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்பைத் தேடினேன். அதே தாய் ஒரு வருஷத்துக்கு முன்பே மனு கொடுத்திருக்கிறார். மாலையில் ஆட்டோ வைத்துக்கொள்ள மாதம் ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அதன் ஓரத்தில், "பயணச் செலவு நமது விதிகளில் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருப்பது நான்தான். யாரையும் கலந்துகொள்ளவில்லை. கட்டணமாகக் கட்டிய முழுத் தொகையும், ஒரு பிள்ளையின் இரண்டு வருஷமும் அந்த ஒரு வரியில் வீணாகிவிட்டது. இதை மூடி மறைத்துவிட்டு உங்களிடம் யோசனை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பெரியோர்களே, ஏன் இப்படி ஆகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சென்னை தனக்கு இடம் போதாதபோதெல்லாம் எதையாவது வெளியே தள்ளியே வளர்ந்திருக்கிறது. மூர்மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையை 1985ல் வண்டலூரில் திறந்தார்கள். கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996ல் கோயம்பேட்டுக்குப் போனது. பாரிமுனையில் இருந்த வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002ல் அங்கேயே போனது. அந்தக் கோயம்பேடும் நடு நகரமாகிவிட, 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்துக்கு, அதாவது நம் வாசலுக்கே, வந்துவிட்டது. முதலில் மிருகங்கள், பிறகு காய்கறி, பிறகு பேருந்து. அவற்றின் பின்னால் வாடகை கொடுக்க முடியாத நாமும்.

நான் இங்கே மனை வாங்கிய காலத்தில், இரவில் வண்டலூர் சிங்கம் கர்ஜிப்பது கேட்கிறது என்று வீட்டில் பயப்படுவார்கள். எனக்குக் கேட்டதில்லை. இப்போது சிங்கமே கர்ஜித்தாலும் ஜி.எஸ்.டி. சாலை ஹாரன் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

சென்னை மாநகராட்சி 2011ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. சென்னைப் பெருநகரப் பகுதி என்று அரசு வரையறுத்த எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது; 2022ல் 5,904 ஆக்கினார்கள். காகிதத்தில் எல்லைக்கோடு வரைய ஓர் அரசாணை போதும். தண்டவாளம் போட எத்தனை காலம் ஆகிறது என்பதைப் பறக்கும் ரயிலைப் பார்த்தால் தெரியும். 1995ல் சேப்பாக்கம் வரை, 1997ல் மயிலாப்பூர் வரை, 2007ல் வேளச்சேரி வரை. அங்கிருந்து பரங்கிமலைக்கு மீதி ஐந்து கிலோமீட்டர் வேலை 2008ல் தொடங்கி வருஷக்கணக்கில் இழுத்தது. கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் திறந்த அன்றும் பக்கத்தில் ரயில் நிலையம் தயாராக இல்லை. எல்லாத் தெற்கத்திப் பேருந்தும் இங்கே வந்து நிற்கும், இறங்கிய ஜனம் மூட்டை முடிச்சோடு ஆட்டோ தேடும். பொங்கல், தீபாவளிக்கு முந்திய இரவு பெருங்களத்தூர் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஜமாஅத்தில் பாரிமுனைக்கு வேலைக்குப் போகும் ஒருவர் ஹஜ்ரத்திடம் கேட்டார்: "தினமும் இவ்வளவு தூரம் போறோமே ஹஜ்ரத், கஸ்ர் தொழலாமா?" 35 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், உண்மைதான். ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே, "தூரம் பத்தாது பாய், நேரத்தைக் கணக்குப் பார்த்தா பத்தும்" என்றார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் மேல் போட முடியாது. நாம் வாங்கிய மனைகளைப் பாருங்கள். வயலையும் தோப்பையும் வாங்கி, இருபதடித் தெரு விட்டு, கல் நட்டு, "ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்" என்று நோட்டீஸ் அடித்து விற்றார்கள். என்ன வாகனத்தில் ஐந்து நிமிடம் என்று நாம் கேட்கவில்லை. அங்கீகாரம் இல்லாத மனைகள் எவ்வளவு பெருகியிருந்தால், அவற்றை வரன்முறைப்படுத்த 2017ல் அரசு ஒரு தனித் திட்டமே கொண்டுவந்திருக்கும்! ஒரு மனைப்பிரிவின் தெரு அந்த மனைப்பிரிவோடு முடிந்துவிடும். அடுத்ததோடு சேராது, நடுவில் ஒரு சுவர் நிற்கும். கை விரல்களை விரித்துப் பாருங்கள். ஒரு விரல் நுனியிலிருந்து அடுத்த விரல் நுனிக்குப் போக, உள்ளங்கைக்கு வந்துதான் திரும்ப வேண்டும். நம் பகுதிக்கு உள்ளங்கை ஜி.எஸ்.டி. சாலை. பக்கத்துத் தெருவில் பால் வாங்கப் போகிறவரும் மதுரைக்குப் போகிறவரும் ஒரே சாலைக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. அதை எத்தனை வழியாக அகலப்படுத்தினாலும் அது நிறையத்தான் செய்யும்.

அந்த இருபதடித் தெருவில் பேருந்து திரும்பாது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், நகருக்குள் இருக்கும் நம் சகோதரிகள் பலருக்குக் கை கொடுத்திருக்கிறது. ஆனால் பேருந்தே வராத தெருவில் இலவசம் யாருக்கு? ஆகவே வீட்டுக்கு ஒரு பைக், முடிந்தவர்களுக்கு ஒரு கார். பைக் ஓட்ட ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பெண்பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

கார் என்று சொன்னதும் ஜும்ஆ ஞாபகம் வருகிறது. தலைவர் அவர்கள் முன்னிலையிலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நம் பள்ளிவாசல் தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகள். பின் தெருவில் ஒரு இந்துக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆட்டோ வெளியே வர முடியவில்லை. வாசலில் நின்றிருந்த நம் இளைஞர்கள் பைக்குகளைக் கையால் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். குறுக்கே நின்ற ஒரு காரை என்ன செய்வது? அதன் சொந்தக்காரர் உள்ளே இரண்டாவது ரக்அத்தில் இருக்கிறார். தொழுகை முடிந்து அவர் வரும்வரை அந்தப் பெண் ஆட்டோவிலேயே துடித்துக்கொண்டிருந்தார். அல்லாஹ் காப்பாற்றினான், தாயும் பிள்ளையும் நலம். அந்த வீட்டார் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகமாக உறைத்தது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய காலத்தில் எனக்கு மனதில் வந்த இடையூறு முள்ளும் கல்லும். காரும் அதில் சேரும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இதற்குத் தீர்வாகப் பள்ளிவாசலை ஒட்டிய காலி மனையை வாங்கி வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று குழுவில் யோசனை வந்திருக்கிறது. உதவுவதாகச் சொன்னவரின் நல்ல எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரத்துக்காக இவ்வளவு பெரிய தொகையா? ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் நடந்து வந்தால் தெருவில் பாதி இடம் காலியாகிவிடும். மீதிக்கு நான்கு இளைஞர்களை நிறுத்தி ஒழுங்குபடுத்தினால் போதும்; ஒரு பக்கம் மட்டும்தான் நிறுத்தலாம் என்று கயிறு கட்டிவிடலாம். அடுத்த ஜும்ஆவிலிருந்தே செய்யலாம். என் வண்டியை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவருகிறேன்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை வேறொன்றுக்குக் கேட்கிறேன். ஒரு வேன். சொந்தமாக வாங்க வேண்டாம், மாத வாடகைக்கு எடுப்போம். காலையில் இரண்டு நடை, மாலையில் மூன்று நடை, உட்புறத் தெருக்களிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து வீட்டு வாசலுக்கும். ஊரைச் சுற்ற வேண்டியதில்லை, அந்த மூன்று கிலோமீட்டர் மட்டும். உள்ளே ஒரு பெண் துணையாள் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு நம் உதவித்தொகைப் பட்டியலில் இருக்கும் ஒரு சகோதரியையே கேட்டிருக்கிறேன்; சம்மதித்துவிட்டார். சம்பளமாகக் கொடுத்தால் அவருக்கும் கௌரவம்.

இரண்டு கேள்விகள் வரும், தெரியும். ஜகாத் பணத்தை இதற்கு எடுக்கலாமா? வேண்டாம். ஜகாத்துக்கு எட்டு வகையினரை அல்லாஹ் வரையறுத்திருக்கிறான். வேனில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் ஏறும், ஆகையால் பொது நன்கொடையிலிருந்து மட்டும்தான். ஹஜ்ரத்திடமும் கேட்டுவிட்டேன், அவர்களும் அதையே சொன்னார்கள். இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கு மட்டுமா? அந்தத் தெருக்களில் மாலையில் பயந்துகொண்டு நடந்து வரும் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும்தான். பிரசவ வலியோடு நம் தெருவில் காத்துக்கிடந்தார்களே, அந்த வீட்டிலும் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறாள்.

கூடவே ஒரு மனுவும் தயாராக இருக்கிறது. 2013ல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் உட்புறச் சாலைகளுக்கென்று சிற்றுந்துகளை விட்டது. நம் நிலையத்திலிருந்து உள்ளே அப்படி ஒன்று வேண்டும், ஏரிக்கரைச் சாலைக்கு விளக்கு வேண்டும். பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கத்தாரும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் மேசையில் வைத்திருக்கிறோம், போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். தாய்மார்களுக்குத் தனிப் பிரதி அந்தப் பக்கம் இருக்கிறது.

கல்வி உதவி விண்ணப்பத்தில் இந்த ஆண்டு மூன்று கேள்விகள் சேர்த்திருக்கிறோம். வீட்டிலிருந்து நிலையம் எவ்வளவு தூரம், மாலையில் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், அழைத்துவர யார் இருக்கிறார்கள். படிப்பை நிறுத்திய மூவரில் இருவர் மறுபடி சேரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். இடைவெளி விழுந்த பருவத்துக்கு என்ன வழி என்று கேட்க, வரும் திங்கட்கிழமை அவர்களுடைய கல்லூரிக்கு நானே போகிறேன். மூன்றாவது பிள்ளை ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு அஞ்சல் வழிப் படிப்பு ஒத்துவருமா என்று என் வீட்டம்மா பேசிக்கொண்டிருக்கிறார்.

வேனுக்கு மாதந்தோறும் தர விரும்புகிறவர்கள் இஷாவுக்குப் பிறகு பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம்.